கல்லுக்கு அஞ்சும் கார்

கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போன மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில், தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரியின் பின்னே செல்லும் புதுக் காரின் பானெட்டில் கல் தெறித்துப் பெயின்டைப் பெயர்த்துவிடும் என்பதால், கடைக்காரர்கள் பி.பி.எஃப். எனச் சொல்லும், மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தடிமனுள்ள பாலியூரித்தேன் படலத்தை உடைமையாளர்கள் பெரும்பொருள் செலவிட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். வியட்நாம் போரில் ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைக் காக்கப் பிறந்த இத்தொழில்நுட்பம், மெல்லிய கீறல்களை வெயில் சூட்டிலேயே ஆற்றிக்கொள்ளும். மதுரை வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டதாகப் புராணம் கூறும் மாணிக்கவாசகர் பிறந்த, இதே வட்டாரத்துத் திருவாதவூரில், இன்று திருப்பணி வாகனத்துக்கே நடக்கிறது. அவ்வூர்க் குன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைத் தாங்கும் பாறைக்கோ, படலம் ஒட்ட யாரும் விலை விசாரித்ததாகத் தெரியவில்லை.