கேள்விகளைத் தோலுரிக்கிறோம்

கே: ஐப்பசி மழை முடிவதற்குள் என் தோல் செருப்பு, கைப்பை, அவருடைய பெல்ட் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டன. மொட்டைமாடி வெயிலில் காயப்போடலாமா?
— அம்மா மண்டபம் சாலை வாசகி, ஸ்ரீரங்கம்

ப: ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். நடுவில் குடியிருந்துகொண்டு பீரோவையும் இறுக்கிப் பூட்டி வைத்தால், பூஞ்சைக்கு அதைவிட வசதியான அக்ரஹாரம் எங்கே கிடைக்கும்? மொட்டைமாடி வேண்டாம். வடகத்துக்குத்தான் அந்த வெயில். தோலுக்கு நிழலும் காற்றும் போதும்.

முதலில் வாசலுக்கு எடுத்துப் போய்க் காய்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை உங்கள் பட்டுப்புடவைக்குக் குடிபெயர்ந்துவிடும். பிறகு மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுங்கள். நிறம் கழன்று வருகிறதா என்று கண்ணில் படாத மூலையில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரட்டும். திரும்ப வைக்கும்போது பாலிதீன் உறை கூடாது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பைக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். வேட்டியும் பேப்பரும் இல்லாத ஸ்ரீரங்கத்து வீடு உண்டா என்ன?

கே: தோல் செருப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவலாமா? — உறையூர் அன்பர்

ப: தலைக்குத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும். நாளானால் சிக்கு வாடை அடிக்கும். எலிக்கும் எறும்புக்கும் அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகும். கிராமத்தில் புதுச் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுப் பழக்குவார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. அந்த எண்ணெய் கெட்டியானது, எளிதில் காயாது, வாரை முறுக்கிக்கொள்ள விடாது. ஆனால் அது பூச்சு எதுவும் இல்லாத முரட்டுச் செருப்புக்கான வைத்தியம். ஆபீஸ் ஷூவுக்கு அதைச் செய்தால், அதன்பின் எந்த பாலிஷும் ஒட்டாது. எந்த எண்ணெயானாலும் துணியில் நாலு சொட்டு போதும். தோல் பொருளைப் பட்டினி போட்டுக் கெடுத்தவர்களைவிட ஊட்டிக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

கே: திருச்சி என்றால் மலைக்கோட்டை, உறையூர்ச் சுருட்டு, பி.எச்.இ.எல். தோலுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? — கல்லூரி மாணவர், சத்திரம் பேருந்து நிலையம் அருகில்

ப: விமான நிலையத்துக்குப் போகிற வழியில் செம்பட்டு வந்ததும் மூக்கைப் பொத்திய அனுபவம் உங்கள் அப்பாவுக்கு இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வடக்கே பெயர் பரவியிருக்கலாம். ஆனால் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தோலுக்குத் தனிக் கௌரவம் ஒன்று உண்டு. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், சுருக்கமாக ஈ.ஐ. லெதர் என்று கம்பெனி காலத்து வாசனையோடு உலகச் சந்தையில் அதற்குப் பெயர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுகளின் மேல்தோலுக்காக, சென்னை மாகாணத்தின் இந்தத் தோலை அரசாங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்தது.

பதனிட அதில் போட்டது என்ன தெரியுமா? நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அதே ஆவாரஞ்செடியின் பட்டை. பட்டை போதாமல் போனதும் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து வாட்டில் மரப்பட்டை கூடச் சேர்ந்தது. ஆவாரம்பட்டையில் ஒரு குறை உண்டு: வெளிச்சம் பட்டால் தோல் செக்கச்செவேலென்று சிவந்துவிடும். அதற்குத்தான் கடைசியில் ஒரு கடுக்காய்த் தண்ணீர்க் குளியல். சிவப்பை அது மட்டுப்படுத்தும். வயிற்றுக்கு மட்டும்தான் கடுக்காய் என்று நினைத்திருந்தீர்களா?

குரோம் உப்பு வைத்துப் பதனிடுவது பின்னால் வந்தது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைச் சோதித்துப் பார்த்தார். இன்று ஷூக் கடையில் தொங்குவதில் பெரும்பகுதி குரோம் தோல். அது வேகமாகத் தயாராகும், மெத்தென்று இருக்கும், சூட்டையும் அதிகம் தாங்கும். பட்டைத் தோல் விறைப்பாக வந்து, போகப் போக உங்கள் காலுக்கேற்ற மாதிரி படியும். அந்தக் காலத்து மாப்பிள்ளைகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: என் காபிக் கலர் பையைக் கறுப்பாக்க வேண்டும். வீட்டிலேயே முடியுமா? கறுப்பு ஷூ ஒன்றைக் காபிக் கலராக்கவும் ஆசை. — தில்லைநகர் வாசகி

ப: இரண்டாவது ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். சாயம் ஏறும், இறங்காது. வெளிர் நிறத்திலிருந்து கருமைக்கு ஒருவழிப் பாதைதான்.

பைக்கு முதலில் ஒரு பரீட்சை. உட்பக்க மடிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், சாயமும் இறங்கும். முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். அதன்மேல் சாயம் போட்டால் அது உங்கள் சுடிதாருக்குத்தான் சேரும். பூச்சை அசிட்டோனால் பொறுமையாகத் துடைத்து எடுக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பட்டைத் தோலாக இருந்தால் கடைச் சாயமே வேண்டாம், நம் தாத்தாக்களின் மைக்கூடு போதும். கடுக்காய்த் தூளை இரவே ஊறவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரைத் தோலில் சீராகத் தடவி உலர விடுங்கள். பிறகு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை நீர்க்கக் கரைத்துப் பூசுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்தால் கருமை. ஓலைச்சுவடி தாண்டிக் காகிதம் வந்த நாளில் மை காய்ச்சியதும் இதே சூத்திரத்தில்தான். அன்னபேதி கைமீறினால் தோல் நாளடைவில் நொறுங்கும். ஆகவே கஞ்சத்தனமாக, நீர்க்கவே போடுங்கள். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, துளி எண்ணெய் காட்டுங்கள்.

குரோம் தோலுக்கு ஸ்பிரிட் சாயம் வாங்கிக்கொள்ளலாம். கையுறை மாட்டிக்கொண்டு, மெல்லிய கோட்டாக, ஒன்று காய்ந்தபின் இன்னொன்று. முடித்ததும் வெள்ளைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை வேலை முடியவில்லை. வெள்ளை வேட்டி இடுப்பில் கறுப்புக் கோடு போட்ட பெல்ட்டுகள் எல்லாம் இந்தக் கடைசிக் கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள் சாயம் போட்டவை.

கே: ‘சுத்த லெதர்’ என்று வாங்கிய சோபா சாம்பலாக உதிர்கிறது. என்ன தடவலாம்? — கே.கே. நகர் அன்பர்

ப: கண்ணீர். அது துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களில் உரிந்துதான் தீரும், எண்ணெயோ பாலிஷோ காப்பாற்றாது. தோல் வெடிக்கும், மடியும், நரைக்கும். வெங்காயச் சருகாக உரியாது.

கே: தோல் பை வாங்கி வந்ததற்கு, “மடி வீட்டுக்குள் மாட்டுத்தோலா?” என்கிறார் என் மாமியார். என்ன பதில் சொல்ல? — சித்திரை வீதி மருமகள், ஸ்ரீரங்கம்

ப: வம்பில் மாட்டிவிடுகிறீர்களே! அடுத்த முறை மாமியாரோடு கோயிலுக்குப் போகும்போது, அரங்கனின் பெரிய பெரிய தோல் பாதரட்சைகளைச் சேவித்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குள்தான் இருக்கின்றன. வலதையும் இடதையும் வெவ்வேறு ஊர்க்காரர்கள் தனித்தனியே தைத்துக்கொண்டு வந்தும் அளவு பொருந்திவிடும் என்று சொல்வார்கள். வேதாந்த தேசிகர் ஆயிரத்து எட்டுப் பாடல்கள் பாடியதும் அரங்கனின் பாதுகையைத்தான்.

அதற்கும் மசியவில்லை என்றால் மார்கழிக் கச்சேரிக்கு அழைத்துப் போங்கள். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் ஏது? அதைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று தனிப் புத்தகமே எழுதினார். பெருமாளுக்குச் செருப்பும் வித்வானுக்கு வாத்தியமும் செய்து கொடுத்தவர்களைத்தான் ஊர் தெருக்கோடிக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்தது. தீட்டு தோலில் இல்லை என்பது மாமியாருக்கும் தெரியும். சொல்லும்போது மட்டும் நீங்கள் சமையலறையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று சொல்லுங்கள்.

கே: மழையில் நனைந்த ஷூவை அடுப்பு மேடையில் வைத்தேன். இப்போது கால் நுழையவில்லை. — பொன்மலை வாசகர்

ப: ஈரத்தோலுக்குச் சூடு காட்டினால் நார்கள் சுருங்கிவிடும்; அப்பளம் மறுபடி மாவாகாது. அடுத்த ஜோடிக்காவது உள்ளே செய்தித்தாள் திணித்து, மணிக்கொரு தரம் மாற்றி, மின்விசிறிக்கடியில் வையுங்கள். முழுக்கக் காய்வதற்குச் சற்று முன்பே லேசாக எண்ணெயோ கிரீமோ தடவுங்கள்.

கே: வாழைப்பழத் தோலால் ஷூவைத் துடைத்தால் பளபளக்குமாமே? — பள்ளி மாணவி, பாலக்கரை

ப: அரை மணி நேரம் பளபளக்கும், அப்புறம் எறும்பு மொய்க்கும்.

கே: சாயம், பாலிஷ் எல்லாம் கற்றுக்கொண்டாயிற்று. தையலையும் நானே போடலாமா? தெருமுனையில் தைப்பவர் ஒரு வாருக்கு ஐம்பது ரூபாய் கேட்கிறார். — தெப்பக்குளம் அன்பர்

ப: வேண்டாம். துடைப்பது, உலர்த்துவது, சாயம் போடுவது எல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். மெழுகு நூலைக் குத்தூசியில் கோத்து, பழைய ஓட்டையிலேயே மறுபடி இறக்கி, வார் கிழியாமல் இழுப்பது கைப்பழக்கம். தப்பான இடத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு புது ஓட்டையும் தபால்தலை மாதிரி அந்த இடத்தைக் கிழித்துக் கொடுக்கும். இரண்டாயிரம் ரூபாய்ச் செருப்பைக் கண்ணாடிக் கதவுக் கடையில் பேரம் பேசாமல் வாங்கினீர்கள் அல்லவா? மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரிடமும் பேசாமல் ஐம்பதைக் கொடுத்துவிடுங்கள்.