பழைய புள்ளி பின்னால் வராது

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் ஊர் பட்டிப்பொல. அங்கிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் இம்முறை ஒரே கவலை பல குரலில் கேட்கிறது: “பெறுபேறு சரியில்லை, பல் மருத்துவக் கனவை விட்டுவிடவா?” விட வேண்டாம். வாசியுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் முதல் தடவை மூன்று பாடத்திலும் எஸ்தான். இந்தக் கறையை எப்படித் துடைப்பது? (மாணவி, பட்டிப்பொல)

பதில்: துடைக்கவே தேவையில்லை, தங்கச்சி. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதல் தடவை எடுத்த எஸ், இரண்டாம் தடவையின் புள்ளியைக் குறைக்காது. அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர் ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல புள்ளி எடுத்தாலும் பழைய புள்ளியும் சராசரியில் சேர்ந்துகொள்ளும். நமக்கு அந்தச் சுமை இல்லை. ஒரு நிபந்தனை: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் ஒரே தடவையில் சித்தியடைய வேண்டும். “உயிரியல் போன வருடமே சரி, பௌதிகவியலை மட்டும் எழுதுகிறேன்” என்பது நடக்காது. இரண்டாம் தடவைக்கு மூன்றையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

கேள்வி: ஏ எடுத்தவருக்கே இடம் கிடைக்கவில்லை என்கிறார்கள். அது என்ன இசட் புள்ளி? (மாணவன், அம்பேவெல)

பதில்: 75 எடுத்தவருக்கும் ஏ, 95 எடுத்தவருக்கும் ஏ. இந்த இருவரையும் பிரித்துக் காட்டுவது இசட் புள்ளி. பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: சராசரி 40, நியம விலகல் 16 என்று வையுங்கள். 72 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. 48 எடுத்தவருக்கு அரை. மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இறுதிப் புள்ளி வந்துவிடும்.

இதிலேயே படிக்கும் வழியும் இருக்கிறது. பிடித்த பாடத்தில் 1.8ஐ 2.0 ஆக்க வருடம் முழுக்க உழைத்தாலும் இறுதிப் புள்ளி 0.07 அளவுதான் ஏறும். பயந்து ஒதுக்கிய பாடத்தில் 0.2ஐ 1.1 ஆக்கினால் 0.3 ஏறும். பிடிக்காத பாடத்துக்குத்தான் காலை நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இரண்டாம் தடவையும் அதே புத்தகம், அதே நோட். வேறென்ன செய்வது? (மாணவி, நானுஓயா)

பதில்: அதே நோட்டை அதே மாதிரி இன்னொரு தடவை வாசித்தால் அதே பெறுபேறுதான் வரும். முதலில் புள்ளி எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். கடந்தகால வினாத்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதுங்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிட்ட புள்ளியிடும் திட்டத்தைப் பார்த்து நீங்களே திருத்துங்கள். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தெரியாதது, தெரிந்தும் கணக்குப் பிழைத்தது, வினாவைச் சரியாக வாசிக்காதது, நேரம் போதாதது. சில வினாத்தாள்கள் முடிவதற்குள் உங்கள் நோய் எதுவென்று தெரிந்துவிடும். “தெரியாதது” என்ற நோய்க்கு மட்டுமே பாடப்புத்தகம் மருந்து. மற்ற மூன்றுக்கும் எழுதிப் பழகுவதுதான் மருந்து.

முதலாம் பகுதியில் 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விட்டுவிட்டு எழும்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் பெயருக்குத்தான். பௌதிகவியல் ஆசிரியரும் பாதி வருடம் இல்லை. நாங்கள் எப்படிப் போட்டி போடுவது? (மாணவன், தலவாக்கலை)

பதில்: இது உங்கள் குறையில்லை, தம்பி. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு பல இடங்களில் அதற்கும் நெடுங்காலம் பிந்தி வந்தது. ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோர் சேர்ந்து வலயக் கல்விப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் அதுவரை காத்திருக்கக் கூடாது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் வளநூல்களும் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. வேணியர் இடுக்கி, திருகுக் கணிச்சி, மீற்றர்ப் பாலம், அழுத்தமானி: இவற்றின் பரிசோதனைகள் அமைப்புக் கட்டுரை வினாக்களில் திரும்பத் திரும்ப வருபவை. கருவி நன்றாக உள்ள பக்கத்துப் பாடசாலையில் சில சனிக்கிழமைகள் அனுமதி வாங்கித் தரும்படி அதிபரிடம் கேளுங்கள். ஒரு தடவை கையால் அளந்தவன் அந்த வினாவை மறக்க மாட்டான்.

கேள்வி: நகையை அடகு வைத்தாவது மகளைக் கண்டிப் பக்கம் அனுப்பலாமென்று மனைவி சொல்கிறாள். சரிதானா? (தோட்டத் தொழிலாளி, பட்டிப்பொல)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. டியூஷனுக்குப் போவது வேறு, பாடசாலையை மாற்றுவது வேறு. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. பிள்ளையின் மாவட்டத்தைப் பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அவசரப்பட்டு மாவட்டம் மாறினால் நம் மண்ணுக்கென்று உள்ள வாசலை நாமே மூடிக்கொள்வோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை மகளோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

செலவைப் பற்றி: அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. உள்ளே போனதும் மகாபொல அல்லது பர்சரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்தர, பல்கலைக்கழகப் படிப்புக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக ஒரு புலமைப்பரிசிலும் உண்டு. நகை அலமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மாணவத் தலைவி பட்டி, சமூக சேவைச் சான்றிதழ் இதெல்லாம் உதவுமா? (மாணவி, ஹட்டன்)

பதில்: நல்ல மனுஷியாக வாழ உதவும். பொது அனுமதியில் பல் மருத்துவத்துக்கு நேர்முகப் பரீட்சை கிடையாது. இசட் புள்ளியும் விருப்பு வரிசையும்தான் பேசும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் தேவையான புள்ளி எடுக்கவும் மறக்காதீர்கள். அதைச் சின்ன விஷயமென்று விட்டுத் தவறவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீணாகும்.

கேள்வி: இரண்டு தடவை முடிந்தது. கடைசியாக 0.4. மூன்றாவது தடவை எழுதட்டுமா? (மாணவன், நுவரெலியா)

பதில்: முதல் தடவையிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால், ஏறாத பாடம் எதுவென்றும் தெரிந்தால், எழுதுங்கள். இரண்டு தடவையும் அங்கேயே நின்றிருந்தால் வேறு வாசல்களையும் இப்போதே தட்டுங்கள். பேராதனையில் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் இருக்கிறது: மருந்தகவியல், இயன் மருத்துவம், கதிரியக்கவியல், தாதியியல். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் உண்டு. பற்களோடுதான் வேலை செய்ய வேண்டுமென்றால், சுகாதார அமைச்சு பயிற்றுவிக்கும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் வேலை பிள்ளைகளின் வாயைக் காக்கும் அருமையான வேலை. ஓர் எச்சரிக்கை: ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் வேறொன்றுக்கு மாறலாமென்று நினைக்காதீர்கள். பதிவு செய்தவர் திரும்ப விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கையெழுத்துக்கு முன் விதியை வாசியுங்கள்.

கேள்வி: குறைந்த பெறுபேற்றுக்கும் வெளிநாட்டில் பல் மருத்துவ இடம் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். (பெற்றோர், வெலிமடை)

பதில்: அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தப் பட்டத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்குமா?” பதிலை அவர் வாயிலிருந்து வாங்காமல் சபையிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பட்டதாரி இங்கே தொழில் செய்யப் பதிவுப் பரீட்சை ஒன்றையும் தாண்ட வேண்டும். இந்தியா என்றால் அங்கே பல் மருத்துவத்துக்கும் நீட் தேர்வு கட்டாயம். இதையெல்லாம் சொல்லாமல் முற்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலமாமே. நான் தமிழ் மூலம். தாங்குவேனா? (மாணவி, பட்டிப்பொல)

பதில்: தாங்குவீர்கள். தமிழ் மூலமும் சிங்கள மூலமும் படித்துப் போனவர்கள்தான் அங்கே வருடா வருடம் வைத்தியர்களாக வெளியே வருகிறார்கள். இன்றிலிருந்து உயிரியல் நோட்டில் ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். பெறுபேறு வருமட்டும் காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: வைத்திய பீடம் கிடைக்காதவர்கள் போகிற இடம்தானே பல் மருத்துவம்? (மாணவன், ஹப்புத்தளை)

பதில்: இல்லை, தம்பி. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதன் பெரிய காரணங்கள் வெற்றிலை, பாக்கு, புகையிலை. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று 2004இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. நம் மலைகளில் குளிருக்கும் பசிக்கும் துணையென்று எத்தனை பேர் இடுப்புப் பையில் வெற்றிலை வைத்துக் கொழுந்து பறிக்கிறார்கள்! முதலில் ஒரு வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ வரும், வாய் மெல்ல இறுகும், பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் காட்டுவதில்லை. அந்தக் கட்டத்தில் பார்த்தால் உயிரைக் காப்பாற்றலாம். பார்ப்பவர் பல் வைத்தியர்தான். “எப்பவிருந்து ஆத்தா இந்தத் திட்டு?” என்று தமிழில் கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்கும் வைத்தியர் மலையகத்துக்கு இன்னும் பலர் வேண்டும். அந்த வேலையை விரும்பி எடுங்கள், தம்பி. இன்றிரவே ஒரு பௌதிகவியல் வினாத்தாளோடு தொடங்குங்கள்.