மன்னர்கள் ஓடிய ஆண்டு

கேள்வி: 1848இல் ஐரோப்பாவில் வெடித்த புரட்சிகள் தோற்றுப்போனவைதானே? வரலாற்றாசிரியர்கள் ஏன் இன்னமும் அவற்றைக் கிளறுகிறார்கள்?

பதில்: தோற்றவர்கள் பட்டியலில் மன்னர்களையும் சேர்க்க வேண்டும்! ஜனவரி 12 அன்று சிசிலியின் பலெர்மோவில் பற்றிய தீ, பிப்ரவரியில் பாரிஸையும், மார்ச்சில் வியன்னா, பெர்லின் நகரங்களையும் பிடித்தது. பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில் இங்கிலாந்துக்குத் தப்பினார். ஐரோப்பாவையே ஆட்டிவைத்த ஆஸ்திரியாவின் சான்சலர் மெட்டர்னிக்கும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்.

இது வெறும் அரசியல் கோபம் அல்ல. 1845இல் உருளைக்கிழங்கை நோய் தாக்கியது. அடுத்த ஆண்டு தானிய விளைச்சலும் பொய்த்தது. வயிறு காய்ந்த தொழிலாளியும் பேச்சுரிமை கேட்ட மாணவரும் வியன்னாவில் ஒரே பக்கம் நின்றார்கள். பாரிஸிலோ ஜூன் மாதம் அப்படிப்பட்ட கூட்டு உடைந்தது. வேலை கேட்டுத் தெருவில் இறங்கியவர்களைக் மன்னர் ஓடியபின் அமைந்த குடியரசின் படையே சுட்டு வீழ்த்தியது. புரட்சி சறுக்கத் தொடங்கிய இடம் அதுதான்.

1849 முடிவதற்குள் பழைய ஆட்சிகள் பெரும்பாலும் தலைதூக்கிவிட்டன, உண்மை.

ஆனால் 1848 ஏப்ரல் 27 அன்று பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. செப்டம்பரில் ஆஸ்திரிய விவசாயிகளின் பண்ணையடிமைக் கட்டு அறுந்தது. திரும்பி வந்த ஆட்சியாளர்கள் எவராலும் இவ்விரண்டையும் மாற்றி எழுத முடியவில்லை.