முறுக்குக் கம்பி மாஸ்டர்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் விட்டதும் பஜாருக்குள் இறங்குகிற கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் பிரியாணிக் கடைப் பக்கம் திரும்புவார்கள். இவர் எலக்ட்ரிக்கல் கடைப் பக்கம் திரும்புவார். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. சட்டைப் பையில் தோலின் கனம் பார்க்கிற கேஜ். பேன்ட் பையில், டிஷ்யூ பேப்பரில் மடித்து வைத்த ஒரு குட்டிக் கம்பிச் சுருள். வயது முப்பதைத் தொட்டிருக்கும். வேலை மெர்ச்சண்டைசிங், அதாவது, ஜெர்மனியில் இருக்கும் பையருக்கும் லாஸ்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் வாசனை அடிக்கிற ஊர்களில் தேடினால் இவருடைய பங்காளிகள் அகப்படுவார்கள். எல்லோருக்கும் ஒரே வியாதி: காயில், அதாவது வேப் என்கிற மின்சிகரெட்டுக்குள் சூடாகிற கம்பிச் சுருள்.

வேப் பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் ரெடிமேட் ஆட்கள். தீர்ந்தால் தூக்கிப் போடுவார்கள். மாஸ்டருக்கு அவர்களைக் கண்டால் இளப்பம். அவர் வைத்திருப்பது கழற்றி மாட்டுகிற அடமைசர். இரண்டு குட்டித் தூண்கள், அவற்றில் ஸ்க்ரூ, நடுவே சூடாகும் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சுத் திரி. திரி திரவத்தை உறிஞ்சும். சுருள் அதை ஆவியாக்கும். சங்கதி இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள் ஒரு மனிதர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எப்படித் தொலைக்க முடியும் என்று கேட்பவர்கள், அவர் மச்சானிடம் இரவல் வாங்கிய டிரில் மெஷினைப் பார்த்ததில்லை.

கம்பியை இரண்டாக மடித்து, மடிப்பை ஜன்னல் கொக்கியில் மாட்டி, இரண்டு நுனிகளையும் டிரில்லின் வாயில் கொடுத்து மெதுவாக ஓட்டுவார். கம்பி முறுக்கிக்கொண்டே சுருங்கி, கடைசியில் விறைத்து நிற்கும். அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் வருகிற சந்தோஷம், ஷிப்மென்ட் கிளம்பிய நாளில்கூட வந்ததில்லை. பிறகு அதை 3 மில்லிமீட்டர் குச்சியின் மேல் ஆறு சுற்று. "மச்சி, சிங்கிள் கம்பியெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு. ட்விஸ்ட்டு போட்டுப் பாரு, இன்னா டேஸ்ட்டுன்ற!"

நண்பர்கள் தலையாட்டுவார்கள். டீக்குக் காசு கொடுப்பவர் அவர்.

ஆனால் அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கினால் மின்தடை ஏறக்குறைய பாதியாகிவிடும். கம்பியின் கனத்தைச் சொல்லும் அமெரிக்க அளவில் இரண்டு 28 கேஜ் கம்பி சேர்ந்தால், தடையில் ஒரு 25 கேஜ் கம்பிக்குச் சமம். ஆனால் வெளிப்பரப்பு அந்த ஒற்றைக் கம்பியைப் போல 1.4 மடங்கு. போதாததற்கு முறுக்கின் பள்ளங்களில் திரவம் தங்கும். ஆவி அதிகம், சுவை அதிகம் என்று அவர் சத்தியம் செய்வது இதை வைத்துத்தான்.

எதிர்க்கட்சிக் கணக்கை அவர் சொல்ல மாட்டார், நாம் சொல்லிவிடலாம். கான்தல் என்ற சூடாக்கும் கம்பியில் 28 கேஜ், ஆறு சுற்று, சாதாரணச் சுருள் என்றால் தடை சுமார் 1.2 ஓம். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் தரும் பேட்டரியில் நேராகப் பூட்டினால் 3.5 ஆம்பியர் ஓடும். சுமார் 15 வாட். அதையே முறுக்கிப் போட்டால் 7 ஆம்பியர், 29 வாட். மின்சாரம் இரண்டு மடங்கு. ஆனால் சூடாக்க வேண்டிய உலோகமும் இரண்டு மடங்கு. ஆகவே பழுக்கிற வேகம் அப்படியேதான் இருக்கும். பேட்டரியும் திரவமும் மட்டும் பாதி நேரத்தில் காலியாகும். வாட்டைக் கட்டி வைக்கும் மெஷினில் போட்டாலோ முறுக்குக் கம்பி சோம்பேறி. பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறுக்கு ஒரே சீராக விழாவிட்டால் சுருளின் ஒரு மூலை மட்டும் முதலில் சிவந்து திரியைத் தீய்க்கும். சாதாரணச் சுருளில் இந்த வம்பு குறைவு: சுற்று, மாட்டு, முடிந்தது. அதுதான் மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன செய்வார்?

ஒருமுறை கடையில் '28 கேஜ் நைக்ரோம் குடுங்கண்ணா' என்று இன்னொரு வகைக் கம்பியை வாங்கி வந்து கணக்குப் போட்டார். மீட்டர் வேறு எண் காட்டியது. கம்பியைத் திட்டினார், மீட்டரைத் திட்டினார், மீட்டரை விற்றவரையும் விடவில்லை. விஷயம் என்னவென்றால், நம் ஊர்க் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கேஜ். அதில் 28 என்றால் 0.376 மில்லிமீட்டர். அவர் பார்த்த வீடியோக்கள் அமெரிக்க கேஜ். அதில் 28 என்றால் 0.321. தோலில் 1.2 மில்லிமீட்டருக்கும் 1.4 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தடவியே சொல்கிற மனிதர், வீட்டுக் கம்பியை கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. சட்டைப் பையில்தான் இருந்தது.

குடும்பத்தில் இவருடைய ஆராய்ச்சியைச் சட்டை செய்யாத ஒரே ஆள் பேரணாம்பட்டு அத்தை. அந்தப் பக்கமும் குடியாத்தம் பக்கமும் எத்தனையோ வீடுகளின் அடுப்பு பீடி சுற்றித்தான் எரிகிறது. அத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டே மருமகனைப் பார்ப்பார். "ஏம்பா, நூலு ரெண்டு சுத்து சுத்துனா பீடி. நீ காலையிலேர்ந்து சுத்துற, இன்னும் ஒண்ணும் வரலியே?" மாஸ்டர் ஓம் விதியை எடுத்துச் சொல்வார். அத்தைக்கு அதற்குள் ஒரு கட்டு முடிந்திருக்கும்.

பீடியும் நுரையீரலுக்கு எமன்தான். ஆனால் அதை விற்கத் தடை இல்லை. மாஸ்டரின் கருவிக்கு உண்டு. தமிழ்நாடு 2018லேயே மின்சிகரெட்டுக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசின் அவசரச் சட்டம் வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்தில் சட்டமாகவே ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். விற்று மாட்டினால் முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "அப்ப இது எங்க வாங்கின?" என்று கேட்டால், ஊருக்கே கேட்கும்படி ஓம் விதி பேசுகிற மாஸ்டரின் குரல் சட்டென்று பாதாளத்துக்கு இறங்கும். "ஃப்ரெண்டு ஒருத்தன்... வெளியூரு..." என்று இழுத்துவிட்டு மறுபடி கேஜுக்கு வந்துவிடுவார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். உண்மையான வேடிக்கை ஆபீஸில் இருக்கிறது.

தோலைப் பதப்படுத்த இந்த வட்டாரத்தில் பெரிதும் புழங்குவது குரோமியம் உப்பு. அது மூவிணைத்திற குரோமியம், பெரிய ஆபத்தில்லை. பக்குவம் தவறினால் அது ஆறிணைத்திற குரோமியமாக மாறும். அது புற்றுநோய் வரவழைப்பது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியமும் 2015 மே மாதத்திலிருந்து, உடம்பில் படுகிற தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறிணைத்திற குரோமியம் இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. மாஸ்டரின் பிழைப்பே அந்த மூன்றைச் சுற்றித்தான். லேப் ரிப்போர்ட் வராமல் ஒரு பெட்டியையும் லாரியில் ஏற விடமாட்டார். ஷூவின் பக்கிளுக்கு நிக்கல் டெஸ்ட் தனி. கடைக்காரப் பையன் ரிப்போர்ட் இல்லாமல் பக்கிள் அனுப்பினால், "கஸ்டமருக்குத் தோல்ல அரிச்சா யாருடா பதில் சொல்றது?" என்று போனில் கத்துவார்.

இனி அவர் பையிலிருக்கும் சுருளைப் பார்ப்போம். நைக்ரோம் 80 கம்பியில் சுமார் எண்பது சதவீதம் நிக்கல், இருபது சதவீதம் குரோமியம். கான்தலில் நிக்கல் இல்லை. இரும்பும் அலுமினியமும் போக, இருபது சதவீதத்துக்கு மேல் குரோமியம். 1906இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் நைக்ரோமுக்குக் காப்புரிமை வாங்கியதும், பின்னால் ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்ஸோ கான்தலைக் கண்டுபிடித்ததும் அடுப்புக்கும் உலைக்கும்தான், நெஞ்சுக்கூட்டுக்கு அல்ல. 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேர் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த உலோகம், சுருளைத் தொட்டபின் திரவத்திலும் ஆவியிலும் கூடியிருந்தது: குரோமியம், நிக்கல், ஈயம். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் குதிகாலுக்காக நிக்கலை விரட்டியடிக்கிறவர், சாயங்காலமானால் அதைச் சிவக்கக் காய்ச்சி, பக்கத்தில் வாயை வைத்து இழுக்கிறார். அதிலும் முறுக்குக் கம்பி. அதே கேஜ் ஒற்றைக் கம்பியைப் போலப் பரப்பு இரண்டு மடங்கு!

சாதாரணச் சுருளா, முறுக்குக் கம்பியா என்ற வழக்கில் தீர்ப்புக் கேட்டால், கருவியாகப் பார்க்கையில் சாதாரணச் சுருளே ஜெயிக்கும்: தொல்லை குறைவு, செலவு குறைவு. உடம்பைக் கேட்டால் இரண்டும் தோற்கும். ஆம்பூர் டீக்கடையில் மாஸ்டர் உங்களைப் பிடித்து உட்காரவைத்து டிஷ்யூ பேப்பரைப் பிரித்தால், ஓம் விதியெல்லாம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "இந்தக் கம்பிக்கு லேப் ரிப்போர்ட் எங்க சார்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் அவர் ஒரு ஜோடி ஷூவைக்கூட இதுவரை அனுப்பியதில்லை.