சிறிகொத்தாவின் முதுசம்

ஐக்கிய தேசியக் கட்சியின் எதிர்காலம் என்னவாகும் என்று நாடே கவலைப்படுவதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நாடு படுகிறதோ இல்லையோ, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நன்றாகவே படுகின்றன. காலி வீதிச் சைவக்கடையில் தோசைக்குக் காத்திருக்கிறவரும், ஜம்பட்டா வீதிச் சலூன் கதிரையில் தலையைக் கொடுத்துவிட்டு இருக்கிறவரும் கேட்பது ஒன்றைத்தான்: "யானையும் டெலிபோனும் சேருமா?" தங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் தள்ளிப்போனால்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

சேருவதும் பிரிவதும் அவர்கள் குடும்ப விஷயம். மாமன் மருமகன் கட்சி என்று ஊர் சும்மா பெயர் வைக்கவில்லை. 1946 செப்டெம்பர் 6இல் டி.எஸ். சேனாநாயக்க தொடங்கிவைத்தார். 1952இல் அவர் இறக்க மகன் டட்லி வந்தார். டட்லி விலக உறவினர் சேர் ஜோன் கொத்தலாவல வந்தார். பிறகு ஜே.ஆர். ஜயவர்தன, அவருக்கு மருமகன் முறையான ரணில் விக்கிரமசிங்க. நடுவில் ரணசிங்க பிரேமதாச என்றொரு வெளியாள் புகுந்துவிட்டார். அவருடைய மகன் சஜித் 2020இல் பெரும்பங்கைப் பிரித்துக்கொண்டு டெலிபோன் சின்னத்தோடு தனிக்குடித்தனம் போய்விட்டார். இப்போது இரண்டு வீட்டாரும் சமரசம் பேசுகிறார்கள். 2025 ஓகஸ்டில் அரச பணத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் ரணில் கைதானபோது, பிரிந்துபோனவர்களும் நலம் விசாரிக்க வரிசையில் நின்றார்கள். மக்கள் தெருவில் நின்ற நாட்களில் வராத பாசம் அது.

முதுசத்துக்கு அடிபடுகிறார்கள், சரி. முதுசத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

பிட்டகோட்டேயில் சிறிகொத்தா என்றொரு தலைமையகக் கட்டடம். யானை என்றொரு சின்னம். 1994 நவம்பரிலிருந்து அசையாத ஒரு தலைவர். பிரித்தானியப் பழைமைவாதக் கட்சி அதே காலத்தில் ஜோன் மேஜரில் தொடங்கி கெமி பேடனொக் வரை பத்துத் தலைவர்களைக் கண்டுவிட்டது. ஹரோவில் இருக்கும் எங்கள் மச்சான்மாருக்கு அந்தப் பெயர்களை ஞாபகம் வைத்திருப்பதே பெரும்பாடு. எங்களுக்கு அந்தக் கஷ்டத்தைச் சிறிகொத்தா வைக்கவில்லை. தாத்தா வோட்டுப் போட்ட தலைவருக்கே பேரனும் போடலாம்.

யானைச் சின்னத்தின் கதி அதைவிட விசேஷம். 2005க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் யானையைக் கண்டவர் எவருமில்லை. 2010இலும் 2015இலும் 2019இலும் அன்னம் வந்தது. 2024இல் ரணில் சுயேச்சையாக நின்று காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2022 காஸ் தட்டுப்பாட்டில் வெறும் சிலிண்டரை ஒழுங்கை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்துவிட்டு விடியவிடியக் காவல் இருந்த சனத்திடம், அந்தச் சிலிண்டரையே சின்னமாகக் காட்டி வோட்டுக் கேட்கும் துணிச்சலை எந்தத் தேர்தல் சட்டத்தாலும் தடுக்க முடியாது. 17 சதவீதம் கொடுத்து மூன்றாம் இடத்தில் இருத்தியது சனம்.

2006ஐ மறக்கலாமா? கொழும்பு மாநகர சபைக்குக் கட்சி கொடுத்த வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. மூக்குக்கண்ணாடிச் சின்னத்துச் சுயேச்சைக் குழுவுக்குப் போடுங்கள் என்று கட்டளை வந்தது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. போட்டோம். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்த ஒருவர் மேயரானார். அந்த மனிதரில் பிழையில்லை. யானை இல்லாவிட்டால் அது காட்டும் கண்ணாடிக்கும் போடுவோம் என்று நின்ற எங்களில்தான் பிழை.

2015 பொதுத்தேர்தலில் கொழும்பு மாவட்டம் ரணிலுக்குக் கொடுத்த விருப்பு வாக்கு 500,566. ஐந்தே வருடம். 2020இல் நாடு முழுவதும் சேர்த்து அவருடைய கட்சிக்குக் கிடைத்தது 249,435. தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. பிச்சையாகக் கிடைத்த ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்துக்கு ஆளைத் தேடிப் பத்து மாதம் இழுத்தடித்து, கடைசியில் தலைவரே போய் இருந்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்த யானை மண்வெட்டியும் கொண்டுவந்து போட்டது.

2024 பொதுத்தேர்தலில் யானைச் சின்னத்தில் வென்ற ஒரேயொரு ஆசனம் எங்கிருந்து வந்தது? நுவரெலியாவிலிருந்து. வென்றவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஜீவன் தொண்டமான். அவருடைய பூட்டன் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947இல் அதே நுவரெலியாவில் வென்று முதலாவது பாராளுமன்றத்துக்குப் போனவர். அடுத்த வருடமே டி.எஸ். அரசாங்கம் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவருக்கு வோட்டுப் போட்ட தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. அதன் பின்னால் வாக்குரிமையும் போயிற்று. யாருடைய வாக்கைப் பிடுங்கிக்கொண்டு கட்சி நடக்கத் தொடங்கியதோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் வாக்கில்தான் யானை இன்று நொண்டிக்கொண்டு நிற்கிறது. இதைவிடப் பெரிய நகைச்சுவையை எழுதுகிறவன் இனிப் பிறந்து வரவேண்டும்.

இனிக் கடன் பக்கம்.

இது ஒரு பழைமைவாதக் கட்சி என்கிறார்கள். உலகமெங்கும் இந்த வகைக் கட்சிகள் காப்பாற்றுவதாகச் சொல்வது மூன்றை: தனியார் சொத்து, சட்டம், ஒழுங்கு. எங்கள் கட்சி இந்த மூன்றையும் எப்படிக் காப்பாற்றியது என்பதற்கு வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் விட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

தேர்தல் காலத்தில் எங்கள் ஒழுங்கைகளில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேட்பாளர் பரிவாரத்தோடு வருவார். மாடிக் குடியிருப்பின் காவலாளி லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கையில் தரும் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் 'தமிழ்' 'தமில்' ஆகியிருக்கும். வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துவிட்டு, வாக்காளர் பட்டியலில் விரலை ஓட்டி, மூன்றாம் மாடியில் ஐந்து என்று கூட வந்தவரிடம் சிங்களத்தில் சொல்வார். கதவைத் திறந்த ஓய்வுபெற்ற கணக்காளர் அதைக் கேட்டுவிட்டு, "அஞ்சும் உங்களுக்குத்தான் மாத்தயா, நாங்கள் வேறை ஆருக்குப் போடுறது?" என்பார். சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு அந்த லிஃப்ட் அவர்களைக் காணாது.

அதே வாக்காளர் பட்டியல் இன்னொரு முறையும் எங்கள் வாசலுக்கு வந்தது. 1983 ஜூலை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இது தமிழன் வீடு, இது தமிழன் கடை என்று பார்த்துப்பார்த்துக் கொளுத்தினார்கள். வெள்ளவத்தை எரிந்தது, கொட்டாஞ்சேனை எரிந்தது, புறக்கோட்டை எரிந்தது. தனியார் சொத்தின் காவலர்களான கட்சிதான் ஆட்சியில் இருந்தது. திறந்த பொருளாதாரத்தை நம்பிக் கடனெடுத்துக் கடை போட்ட வியாபாரியின் கடையைத்தான் திறந்து போட்டுக் கொளுத்தினார்கள். கைத்தொழில் அமைச்சராக இருந்த சிறில் மத்தியூவின் தொழிற்சங்க ஆட்களை ஆய்வாளர்கள் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்குப் பொறுப்பான அமைச்சு எவ்வளவு பொறுப்போடு நடந்திருக்கிறது பாருங்கள்!

நான்கு நாள் கழித்து ஜனாதிபதி ஜே.ஆர். தொலைக்காட்சியில் வந்தார். சாம்பலில் நின்றவர்களுக்கு ஆறுதலாக ஒரு சொல் இல்லை. அடுத்த வாரமே பிரிவினைக்கு எதிரான ஆறாவது திருத்தம் வந்தது. எரிந்த சொத்துக்களை அவசரகால விதிகளின் கீழ் அரசு தன் பெயருக்கு எழுதிக்கொண்டது. கொளுத்தியது ஜே.வி.பி.யும் இடதுசாரிகளும்தான் என்று சொல்லி அவர்களைத் தடைசெய்தார்கள். தடைசெய்யப்பட்ட ஜே.வி.பி. தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்திக்கு இன்று பாராளுமன்றத்தில் 159 ஆசனம். தடைசெய்தவர்கள் சிறிகொத்தாவில் வெறும் கதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கடனில் யானைக்குப் பங்கு, டெலிபோனுக்கு இல்லை என்று யாரும் தப்ப முடியாது. 1983 ஜூலையில் பிரதமர் ரணசிங்க பிரேமதாச. கல்வி அமைச்சர் ரணில் விக்கிரமசிங்க. இன்று சொத்துக்கு உரிமை கேட்கும் இரு வீட்டாரும் அன்று ஒரே அமைச்சரவை மேசையில் இருந்தவர்கள், அல்லது இருந்தவரின் பிள்ளைகள்.

பட்டியல் அதோடு முடியவில்லை. 1956இல் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று பல்டி அடித்தார்கள். அடித்தும் எட்டு ஆசனம்தான் கிடைத்தது. 1957இல் பண்டா - செல்வா ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லி ஜே.ஆர். கண்டிக்கு நடக்கப் புறப்பட்டார். 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 1981இல் இரண்டு அமைச்சர்கள் யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்க, 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்தது. 2000 ஓகஸ்டில் ஜனாதிபதி சந்திரிகா கொண்டுவந்த அரசியலமைப்புத் தீர்வு வரைபைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். எரிப்பது கைப்பழக்கம். நூலகத்துக்காக 35 வருடம் கழித்து, 2016இல், ரணில் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 1983க்காக அவரை முந்திக்கொண்டு 2004இல் மன்னிப்புக் கேட்டவர் எதிர்முகாம் சந்திரிகா. புத்தகத்துக்கே 35 வருடம் என்றால் மனிதனுக்கு எத்தனை என்று கணக்காளர் ஐயா சொல்லட்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஏன் போட்டோம்? பயத்தில் போட்டோம். எதிர்முகாம் நீலக் கட்சி வந்தால் இதைவிட மோசம் என்ற பயம், ஆதாரமில்லாத பயமும் இல்லை. 2007 ஜூன் 7 விடியற்காலை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பியவர்கள் நீலச்சட்டைக்காரர்கள்தான். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நிறுத்தியது. 2008 புத்தாண்டு அன்று கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் யானைக் கட்சி எம்.பி. மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். கொலைகாரனுக்கும் கொளுத்துகிறவனுக்கும் நடுவில் கொளுத்துகிறவனைத் தெரிவு செய்தோம். அந்தப் பயம்தான் சிறிகொத்தாவின் உண்மையான முதல். வங்கியில் போடாமலே வட்டி வந்தது.

2015இல் ரணில் பிரதமராக வந்த நல்லாட்சியாவது கடனை அடைத்ததா? ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி. மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றப் போய், 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை. தேர்தல் அதோடு பெட்டிக்குள் போய்விட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் பிரதமருக்குத் தெரியாதாம். கூட்டாளிகள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டதற்குப் பூசைக்குப் போன சனம் உயிரைக் கொடுத்தது.

2025 ஜூன் 16இல் கொழும்பு மாநகர சபையும் கைநழுவியது. 117 பேர் கொண்ட சபையில் யானைக்கு 13 பேர். இப்போதுதான் சிறிகொத்தாவில் 'மறுசீரமைப்பு' என்ற சொல் கேட்கிறது. இளைஞருக்கு இடம், பெண்களுக்கு இடம், புதிய கொள்கை என்றெல்லாம் பேசுகிறார்கள். தமிழருக்கு என்ன என்று கேட்டால், அவர்கள் எங்களோடுதானே என்று சிரிக்கிறார்கள். தோட்டம், துரவு, யானை, சிலிண்டர் எல்லாவற்றோடும் எங்களையும் ஆதனப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆதனத்தில் எங்கள் பெயரை வெட்டிவிடுங்கள். 2024இல் கொழும்பு மாவட்டம் 18இல் 14 ஆசனத்தைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டது. அவர்களும் ஏமாற்றினால் அவர்களையும் இறக்குவோம். யானை இல்லாவிட்டால் வெள்ளவத்தை கடலில் விழுந்துவிடும் என்று எழுபது வருடம் நம்பினோம், வெள்ளவத்தை அங்கேயேதான் இருக்கிறது.

முதுசம் எடுக்கிறவன் கடனையும் எடுக்கவேண்டும். இது எங்கள் ஊரில் கச்சேரிப் படி ஏறாத கிழவிக்கும் தெரிந்த சட்டம். எனவே யானையாக வாருங்கள், டெலிபோனாக வாருங்கள், இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு மிருகமாகவே வாருங்கள். வாசலில் நிறுத்தி ஒன்றைத்தான் கேட்போம்: 1983 ஜூலையில் அந்த வாக்காளர் பட்டியலைக் காடையர் கையில் கொடுத்தது யார்? பெயரைச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறுங்கள்.