வெளியே போய் விளையாடு!

‘போனை வெச்சிட்டு வெளியே போய் விளையாடுடா’ என்பது சமவெளிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற அறிவுரை. குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் அதைச் சொல்லுமுன் ஜன்னலைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து குடை காய்வதற்குள் வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சென்னைக்காரர்கள் அரை வருஷத்துக்கு வைத்துச் செலவழிக்கிற மழை! மழை விட்டால் மூடுபனி. மூடுபனி விலகினால் மைதானத்தின் நடுவே காட்டெருமை.

மைதானம் என்பதும் ஒரு மரியாதைக்குத்தான். இங்கே சமமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அதில் ஃபேக்டரி கட்டிவிடுவார்கள். பந்தை ஓங்கி உதைத்தால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு கீழ் டிவிஷனில்தான் போய் நிற்கும். எடுக்கப் போகிறவன் திரும்பும்போது காலில் அட்டையும் கூட வரும்.

மழைக்குப் பயந்து உள்ளேயே விளையாடும் வழக்கத்தை எங்கள் பிள்ளைகளா இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள்? 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு, விதிமுறைகளை எழுதி ஒட்டியது 1882-ல், ஊட்டி கிளப்பில். மீசை வைத்த துரைமார்கள் கோலும் கையுமாக மேஜையைச் சுற்றி வந்தார்கள். அவர்களைப் பெற்றவர்களை யாரும் பள்ளிக்கு அழைத்து விசாரித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கைக்குப் போன் வந்ததே படிப்பால்தான். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். பின்னாலேயே ஆன்லைன் வகுப்பு வந்தது. சிக்னல் கிடைத்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி மேடு. அங்கே ஸ்வெட்டரும் குல்லாவுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண் கலங்கும். கிட்டே போனால் பாதிப் பேர் பப்ஜி விளையாட்டில் பாராசூட்டிலிருந்து குதித்துக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. எல்லோரும் ஃப்ரீ ஃபயருக்கு மாறினார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை. ‘மேக்ஸ்’ என்று அதற்கு ஒரு தம்பி தயாராக இருந்தான். மத்திய அரசின் அறிவிப்புகளை எங்கள் ஊரில் உடனுக்குடன் படித்தது அந்தத் தொட்டி மேடுதான்.

இப்போது வீட்டுக்கே ஃபைபர் வந்துவிட்டது. சமவெளியில் பையன் போர்வைக்குள் புகுந்தால் சந்தேகப்படலாம். ஜனவரியில் இங்கே எட்டரைக்கெல்லாம் மொத்தக் குடும்பமும் கம்பளிக்குள் போய்விடும். யாரைச் சந்தேகப்படுவது? ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன்: மகனின் கம்பளி இழைகளுக்கிடையே நீல வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. உள்ளிருந்து, “ரிவைவ் பண்ணுடா... டேய், செத்துட்டிருக்கேன்டா” என்று சன்னமான கெஞ்சல்.

முதல் பீரியடிலேயே தூங்குகிறான் என்று டைரியில் எழுதியனுப்பினார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு மனநல ஆலோசகர் ஒருவரும் வந்திருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனமும் இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022-லிருந்து நடைமுறையில் உள்ளது என்றார். கட்டுப்பாடு கைமீறுவது, எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிவிடுவது, கெடுதல் என்று தெரிந்தும் விடாமலிருப்பது. இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் நோய் என்று சொல்வார்களாம். வீட்டில் வந்து சொன்னேன். மகன் கடைசி வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“போன தீபாவளிக்குத்தானேப்பா இறக்கினேன்? இன்னும் வருஷம் திரும்பலையே.”

என் அம்மா மட்டும் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, சீரியல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

துப்பாக்கி சுடுவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சுட்டவன் தூங்காமல் இருப்பதுதான் பிரச்சினை. ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டாமா? ஆகவே தடை எதுவும் போடவில்லை. பள்ளி நாளில் ராத்திரி எட்டுக்கு மேல் ரவுட்டர் என் தலையணைக்கு அடியில். முதல் நாளே டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டி மேட்டுக்குக் கிளம்பினான். போன வேகத்தில் திரும்பினான்.

“காட்டெருமை ரெண்டு நிக்குதுப்பா, கன்னுக்குட்டியோட. அது போற வரைக்கும் ஒரே ஒரு மேட்ச்?”

“அந்த கேரம் போர்டை எடுங்க,” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தபடியே.

பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தோம். ஸ்ட்ரைக்கரைக் காணோம், என் பழைய கோட்டில் இருந்த பெரிய பித்தானை வைத்துச் சமாளித்தோம். நாலாவது ஆள் வேண்டுமே என்று அம்மாவைக் கூப்பிட்டோம். முதல் போர்டிலேயே சிவப்பைப் போட்டு, ஃபாலோவையும் போட்டுவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

மணி பதினொன்று. பையனுக்குக் கண் சொக்குகிறது, “நாளைக்கு ஸ்கூல் இருக்கு பாட்டி” என்கிறான்.

“இன்னும் ஒரே ஒரு போர்டுடா தங்கம்,” என்று பவுடரைத் தூவிக்கொண்டிருக்கிறார் அம்மா.