விரல் நுனியில் முக்காலம்

காலப்பயணத்துக்கு 'இன்று நேற்று நாளை' படத்தில் இயந்திரம், '24' படத்தில் கைக்கடிகாரம். கருவியே இல்லாமல் காலப்பயணம் போன பாத்திரம் உண்டா?

உண்டு, கொல்கத்தாவில்! சத்யஜித் ராயின் 'மஹாபுருஷ்' (1965) படத்தில் வரும் பிரிஞ்சி பாபாவுக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களே போதும். ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் ஒரே நேரத்தில் சுழற்றுவார்: இது கடந்த காலம், அது எதிர்காலம். (செய்து பாருங்கள், லேசில் வராது.) பிளேட்டோவோடு வாதாடினேன், ஐன்ஸ்டைனுக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன் என்பார். முக்காலமும் அவர் கையில். நம்பிய பக்தர்களுக்குத்தான் பொல்லாத காலம்.

மூலக்கதை 'பரசுராம்' என்ற புனைபெயரில் ராஜசேகர் பாசு எழுதியது. பெங்கால் கெமிக்கல்ஸில் பணியாற்றிய வேதியியலாளர் அவர். போலிச் சாமியாரின் சாயம் வெளுக்க அந்தப் படிப்பு நன்றாகவே உதவியிருக்கிறது.